வேலையில் ஒருவர் குறை சொன்னால் எப்படி எடுத்துக்கொள்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் மென்பொருள் வேலைக்கு வந்து 17 வருடம் ஆகிறது. கடைசி 9 வருடமாகப் புதிதாகச் சேர்பவர்களுக்கு வழிகாட்டுவதும் என் பொறுப்பில் இருக்கிறது. அவர்கள் தனியாக வந்து கேட்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் தொழில்நுட்பம் பற்றியவை அல்ல. ‘அவர் ஏன் அப்படிச் சொன்னார்?’, ‘இதை நான் எப்படி எடுத்துக்கொள்வது?’ என்ற வகைதான். திரும்பத் திரும்ப வருபவற்றை என் பதில்களோடு இங்கே எழுதி வைக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் என் துறையைச் சேர்ந்தவை. ஆஸ்பத்திரியிலோ பள்ளிக்கூடத்திலோ வங்கியிலோ வேலை செய்பவருக்கும் இவை பொருந்தும் என்று நம்புகிறேன்.

ஃபீட்பேக் என்பதும் குறை சொல்வதும் ஒன்றுதானா?

நடைமுறையில் அப்படி ஆகிவிட்டது. மேனேஜர் ‘கொஞ்சம் ஃபீட்பேக் இருக்கு, வர்றீங்களா?’ என்றால் பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று யாரும் நினைப்பதில்லை. ஆனால் அந்தச் சொல் பிறந்த இடம் மின்னணுப் பொறியியல். கல்யாண மண்டபத்தில் மைக்கை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் ‘கீ’ என்று காதைத் துளைக்குமே, அதற்குப் பெயர் பாசிட்டிவ் ஃபீட்பேக். ஸ்பீக்கரில் வந்த சத்தமே திரும்ப மைக்குக்குள் புகுந்து, பெருகி, மறுபடி புகுந்து, கடைசியில் பேசுகிறவர் குரலே கேட்காமல் போய்விடுகிறது.

நெகட்டிவ் ஃபீட்பேக் இதற்கு நேர்மாறு. அந்தக் காலத்தில் தொலைதூரத் தொலைபேசிக் கம்பிகளில் குரலைப் பெருக்க வழி நெடுக ஆம்ப்ளிஃபயர் வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றும் குரலைப் பெருக்கும்போதே கொஞ்சம் சிதைக்கவும் செய்தது. 1927 ஆகஸ்ட் 2 அன்று ஹரால்ட் பிளாக் என்ற பெல் ஆய்வக எஞ்சினியர் படகில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது அவருக்கு ஒரு யோசனை வந்தது. வெளியே வருவதில் ஒரு பங்கை எடுத்து, எதிராக உள்ளே திருப்பிவிட்டால் என்ன? கையில் இருந்த செய்தித்தாளிலேயே கணக்கைப் போட்டார். ஆம்ப்ளிஃபயரின் சக்தி குறைந்தது. ஆனால் சிதைவும் குறைந்து குரல் தெளிவாக வந்தது. ‘நெகட்டிவ் ஃபீட்பேக்’ என்று கேட்டதும் முகம் வாடும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைத்தான் முதலில் சொல்வேன். எஞ்சினியருக்கு அது கெட்ட வார்த்தையே இல்லை.

தமிழிலும் இதற்குப் பழைய சொல் ஒன்று உண்டு, இடித்துரைத்தல். நண்பரும் அமைச்சரும் செய்யவேண்டிய கடமையாக நம் மரபு அதை வைத்திருக்கிறது. பின்னூட்டம் என்ற புதுச் சொல்லைவிட அதில் கொஞ்சம் கூடுதலாக உரிமை தொனிப்பதாக எனக்குப் படும்.

யாராவது என் வேலையில் தப்புச் சொன்னால் காது சூடாகி, தொண்டை அடைக்கிறது. நான் இந்த வேலைக்கு லாயக்கில்லையா?

லாயக்கு உண்டு. வேலையில் அக்கறை இல்லாதவருக்குத்தான் எதுவும் ஆகாது. எனக்கு 17 வருடம் கழித்தும் காது சூடாகிறது. முதல் 5 நிமிடம் எதுவும் செய்யாமல் இருக்கப் பழகியிருக்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

நாம் வளர்ந்த விதத்துக்கும் இதில் பங்கு உண்டு. சிவப்பு மையில் சுழித்த விடைத்தாள், அப்பாவின் கையெழுத்துக்காக நீட்டிய ரேங்க் கார்டு, ‘பக்கத்து வீட்டுப் பொண்ணைப் பார்’. கணக்கில் எந்தப் படியில் தவறு வந்தது என்று உட்கார்ந்து பேசிய வீடுகள் குறைவு. எத்தனை மார்க், எத்தனையாவது ரேங்க் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அப்படி 22 வயது வரை வந்தவருக்கு, ‘ப்ரோகிராம்ல இந்தப் பகுதியை மாத்தி எழுதுங்க’ என்று யாராவது சொன்னால்கூட ‘நீ மட்டம்’ என்றுதான் காதில் விழும். அது உங்கள் பலவீனம் இல்லை, பழக்கம். பழக்கத்தை மாற்றிக்கொள்ள முடியும்.

உங்களுக்கு இது எப்படிப் புரிந்தது?

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம். ஒரு க்ளையன்டுக்கு மாதக் கடைசியில் போகும் ரிப்போர்ட்டைத் தயாரிக்கும் நிரலை, அதாவது ப்ரோகிராமை, எழுதியிருந்தேன். அப்போதெல்லாம் எங்கள் இடத்தில் நிரலைப் படித்துப் பார்த்து, குறைகளை எக்செல் ஷீட்டில் வரிசையாக எழுதி அனுப்புவார்கள். குறை ஒரு கட்டத்தில், அதற்கு நம் பதில் பக்கத்துக் கட்டத்தில். என் சீனியர் ஒருவர் 31 வரி எழுதி அனுப்பியிருந்தார். அன்று சாயங்காலமே உட்கார்ந்து 31-க்கும் பதில் எழுதினேன். ‘டிசைனில் அப்படித்தான் இருக்கிறது’, ‘இது தேவையில்லை’, ‘இப்படி நடக்க வாய்ப்பில்லை’. எல்லாவற்றையும் மடக்கிவிட்ட திருப்தியோடு வீட்டுக்குப் போனேன்.

19-ஆவது வரியில் அவர் கேட்டிருந்தது இது: தேதி காலியாக வந்தால் அந்த வரிசையை உன் நிரல் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடுமே? ‘இப்படி நடக்க வாய்ப்பில்லை’ என்று நான் எழுதியது அதற்குத்தான். மாதக் கடைசியில் அது நடந்தது. ரிப்போர்ட்டில் வரிசைகள் குறைந்தன. இரண்டு ராத்திரி அலுவலகத்திலேயே இருந்து சரிசெய்தோம், அவரும் கூட இருந்தார். ‘நான் அப்பவே சொன்னேனே’ என்று ஒரு வார்த்தை அவர் வாயில் வரவில்லை. இரண்டாம் நாள் விடியற்காலை டீ குடிக்கும்போது மட்டும் கேட்டார்: “அந்த முப்பத்தொண்ணுல எத்தனைய படிச்ச?”

“எல்லாத்துக்கும் பதில் போட்டேனே அக்கா.”

“பதில் போட்டது தெரியும். படிச்சியா?”

நான் படிக்கவில்லை. ஒவ்வொரு வரியையும் எப்படி மறுப்பது என்று மட்டும் பார்த்திருந்தேன். வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்து அந்த ஷீட்டை மறுபடி திறந்தேன். 31-ல் 22 சரியாக இருந்தன. மீதி 9-ல் நான் சொன்னதே சரி. அந்த 9-ஐக் காப்பாற்ற 22-ஐயும் தள்ளிவிட்டிருக்கிறேன்.

ஃபீட்பேக் வாங்கினால் கட்டாயம் முன்னேறுவோமா?

கட்டாயம் இல்லை. இதை நேர்மையாகச் சொல்லவேண்டும். அவ்ராஹம் க்ளூகர், ஆஞ்சலோ டெனிசி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1996-ல் அதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தார்கள். 607 முடிவுகள், 23,663 பதிவுகள். சராசரியாகப் பார்த்தால் ஃபீட்பேக் வேலைத் திறனைக் கூட்டியிருந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான இடங்களில் குறைத்திருந்தது! அவர்கள் தந்த விளக்கம் எனக்கு மிகவும் உதவியது. கவனம் செய்கிற வேலையிலிருந்து விலகி ‘நான் எப்படிப்பட்டவன்’ என்ற பக்கம் திரும்பத் திரும்ப, ஃபீட்பேக்கின் பயன் தேய்கிறது.

சொல்கிறவர் எந்தப் பக்கம் திருப்பினாலும், கேட்கிற நாம் அதை வேலைப் பக்கம் திருப்பிக்கொள்ள முடியும். ‘நீங்க கவனமாவே இருக்கிறதில்ல’ என்று ஒருவர் சொன்னால் அது ஆளைப் பற்றிய பேச்சு. ‘இந்த வாரம் எதில் தவறவிட்டேன்? எந்த மெயில், எந்த வரி?’ என்று கேட்டால் பேச்சு மேசைக்கு வந்துவிடும். சொன்னவருக்கு உதாரணம் கிடைத்தால் நமக்குத் திருத்த ஒன்று கிடைத்தது. கிடைக்காவிட்டால் அவருக்கே அது தெரியும்.

சொல்லிக்கொண்டிருக்கும் அந்த நிமிடத்தில் என்னதான் செய்வது?

எழுதுங்கள். இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. நோட்டும் பேனாவும் எடுத்து, அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். கை எழுதும்போது வாய் தானாக மூடியிருக்கும். சொல்கிறவருக்கும், இவர் மதித்துக் கேட்கிறார் என்று படும். முகத்தில் என்ன பாவம் காட்டுவது என்ற சங்கடமும் இல்லை, தலை குனிந்து எழுதிக்கொண்டிருக்கலாம்.

அவர் முடித்ததும், நீங்கள் புரிந்துகொண்டதை ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். ‘டெமோவில் நான் நேராகத் திரைக்குப் போய்விட்டேன், எதற்காக இதைச் செய்தோம் என்று முதலில் சொல்லவில்லை, அதனால் க்ளையன்டுக்குப் பிடிபடவில்லை. அப்படித்தானே?’ பல நேரம் ‘இல்ல இல்ல, நான் சொல்ல வந்தது வேற’ என்று பதில் வரும். ராத்திரி முழுக்கப் புரண்டு படுத்தது தப்பாகப் புரிந்துகொண்ட ஒன்றுக்காக என்பது இந்த ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

காரணம் சொல்லாதீர்கள். உண்மையான காரணமாக இருந்தாலும் அப்போது வேண்டாம். ‘ஆனா அன்னைக்கு என்ன ஆச்சுன்னா’ என்று ஆரம்பித்த உடனே, சொல்கிறவர் மனதில் ‘சரி, இவரிடம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை’ என்று ஒரு கதவு மூடும். அந்தக் கதவு மறுபடி திறக்க மாதக் கணக்கில் ஆகும். காரணத்தை மறுநாள் சொல்லலாம். மறுநாளும் சொல்லியே ஆகவேண்டும் என்று தோன்றுகிறதா பாருங்கள். எனக்குப் பத்தில் ஏழு முறை தோன்றியதில்லை.

அப்புறம், ‘யோசிச்சிட்டு நாளைக்குப் பேசலாமா?’ என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. கண் கலங்கினாலும் அது குற்றம் இல்லை. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போய் வாருங்கள்.

‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் எல்லாரும் ‘நல்லா இருக்கு’ என்றுதான் சொல்கிறார்கள். உண்மையை எப்படி வாங்குவது?

இந்தப் பக்கத்தில் எனக்கு மிக முக்கியமான கேள்வி இதுதான். தானாக வரும் ஃபீட்பேக் பெரும்பாலும் தாமதமாகவும் மொத்தமாகவும் சூடாகவும் வரும். கேட்டு வாங்கியது சின்னதாக வரும், சரியான நேரத்தில் வரும், வலியும் குறைவு. ஆகவே யாராவது சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

ஆனால் கேட்கும் விதம் உண்டு. ‘குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை’ என்று வளர்ந்த ஊர் இது. ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் மனம் நோகாத பதிலைத்தான் தருவார்கள். கல்யாணச் சாப்பாடு எப்படி என்று பெண்ணின் அப்பா கேட்டால் யார் சாம்பாரில் உப்பு கம்மி என்பார்?

கேள்வியைச் சின்னதாக்குங்கள். ‘இந்த மெயிலில் ஒரு வரியை வெட்டலாம் என்றால் எதை வெட்டுவீர்கள்?’ ‘என் டெமோவில் எந்த இடத்தில் உங்கள் கவனம் சிதறியது?’ ‘இந்த நிரலை இரண்டு வருடம் கழித்து நீங்கள் பராமரிக்க வேண்டியிருந்தால் எந்த இடம் தொல்லை தரும்?’ இப்படிக் கேட்டால் குறை இருக்கிறது என்பதை நீங்களே ஒத்துக்கொண்டுவிட்டீர்கள். அவர் இடத்தைக் காட்டினால் போதும், அதில் அவருக்குச் சங்கடம் இல்லை.

வேலை பாதியில் இருக்கும்போதே கேளுங்கள். மண் ஈரமாக இருக்கும்போது பானையின் வாயைச் சரிசெய்யலாம், சுட்டபிறகு உடைக்கத்தான் வேண்டும். நூறு ஸ்லைடையும் முடித்துவிட்டுக் காட்டினால், பார்ப்பவருக்கும் உண்மையைச் சொல்ல மனம் வராது, உங்களுக்கும் கேட்க மனம் வராது. ஐந்து ஸ்லைடில் காட்டுங்கள்.

இன்னொன்றைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். வாங்கிய ஃபீட்பேக்கை வைத்து என்ன செய்தீர்கள் என்று திரும்பப் போய்ச் சொல்லுங்கள். ‘நீங்கள் சொன்னபடி முதல் பத்தியை எடுத்துவிட்டேன், க்ளையன்ட் ஒரே மெயிலில் ஒப்புதல் தந்துவிட்டார்.’ இவ்வளவுதான். அடுத்த முறை அந்த மனிதர் நீங்கள் கேட்காமலே வந்து சொல்வார்.

யாரிடம் கேட்பது? குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும் என்பார்களே?

பாதி உண்மை. தொழிலில் ஊறியவர் சொல்லும் ஒரு வார்த்தை, மற்றவர்கள் சொல்லும் பத்துக்குச் சமம். ஆனால் மோதிரக் கைக்காரருக்கு நேரம் இருக்காது. வருடத்துக்கு ஒரு குட்டுதான் கிடைக்கும். நீங்கள் தினமும் பேசும் விதத்தை, மீட்டிங்கில் குறுக்கே புகுவதை, தாமதமாகப் பதில் போடுவதைப் பார்ப்பவர் பக்கத்து நாற்காலிக்காரர். உங்கள் நிரலால் அவதிப்படுபவர் அதை டெஸ்ட் செய்பவர். நீங்கள் எழுதிய வழிமுறைக் குறிப்பின் லட்சணம் தெரிந்தவர், ராத்திரி ஷிஃப்டில் அதை வைத்துக்கொண்டு தடுமாறும் சப்போர்ட் ஆள். மோதிரம் இல்லாத இந்தக் கைகளைத் தேடிப் போங்கள்.

கோட் ரிவ்யூவில் 40 கமெண்ட் வந்திருக்கிறது. அவமானமாக இருக்கிறது.

கோட் ரிவ்யூ என்பது ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் படித்துக் குறைகளைக் குறிப்பது. 40 கமெண்ட் என்றால் ஒருவர் உங்கள் நிரலோடு ஒரு மணி நேரமாவது உட்கார்ந்திருக்கிறார். ‘எல்.ஜி.டி.எம்.’ (லுக்ஸ் குட் டு மீ, ‘எனக்கு நல்லா இருக்கு’) என்று நாலு எழுத்தில் ஒப்புதல் கொடுத்துவிட்டுப் போகிறவர் உங்களுக்கு எதுவும் தரவில்லை.

இதற்கு ஒரு வரலாறும் இருக்கிறது. ஐ.பி.எம்.மில் இருந்த மைக்கேல் ஃபேகன், நிரலைக் குழுவாக உட்கார்ந்து வரிவரியாகச் சோதிக்கும் முறையை வகுத்து 1976-ல் கட்டுரையாக வெளியிட்டார். இன்றைய ரிவ்யூக்களுக்கெல்லாம் அது முன்னோடி. அதில் அவர் ஒன்றைத் தெளிவாகச் சொன்னார்: சோதனையில் கிடைக்கும் பிழைக் கணக்கை எழுதியவரின் அப்ரைசலுக்கு, அதாவது வேலைத்திறன் மதிப்பீட்டுக்கு, பயன்படுத்தக் கூடாது. பயன்படுத்தினால் ஆட்கள் பிழையை மறைக்க ஆரம்பிப்பார்கள் என்று அன்றைக்கே தெரிந்திருக்கிறது. உங்கள் இடத்தில் கமெண்ட் எண்ணிக்கையை வைத்து ஆளை எடைபோடுகிறார்கள் என்றால், தவறு அந்த முறையில் இருக்கிறது.

40-ஐயும் ஒரே மாதிரி பார்க்காதீர்கள். பிழை எது, பழக்கம் எது, ரசனை எது என்று பிரியுங்கள். பிழையைத் திருத்துங்கள். ஒரே மாதிரி கமெண்ட் மூன்று முறை வந்திருந்தால் அது பழக்கம், அதைத் தனியாகக் குறித்துவையுங்கள். ரசனை என்றால் குழுவின் வழக்கத்துக்கு விட்டுக்கொடுத்துவிட்டு மேலே போங்கள்.

எங்கள் மேனேஜர் எல்லார் முன்னாலும் கத்துகிறார். அதையுமா வரவேற்கவேண்டும்?

கூடாது. விஷயத்தை எடுத்துக்கொள்ளலாம், கத்தலை எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ‘கண்டிப்பா இருந்தாத்தான் வேலை நடக்கும்’ என்று சிலர் சொல்வார்கள். லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸைக் காட்டுவார்கள், அவர் மெயில்களில் அவ்வளவு கடுமை. ஆனால் 2018 செப்டம்பரில் அவரே அந்தக் கடுமைக்குப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். பிறர் உணர்வுகளைப் புரிந்துகொள்ள உதவி தேடப் போகிறேன் என்று சொல்லிச் சில வாரம் ஒதுங்கியும் இருந்தார். தொழில்நுட்பத்தில் அவர் சொன்னவை சரியாக இருந்திருக்கலாம். அதைச் சொல்லத் திட்டத் தேவை இல்லை என்பதை அவரே ஏற்றுக்கொண்டார்.

ஆறிய பிறகு தனியாகப் போய்ச் சொல்லிப் பாருங்கள்: ‘சார், நீங்க சொன்ன தப்பைச் சரிபண்ணிட்டேன். அடுத்த தடவை என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னீங்கன்னா இன்னும் சீக்கிரம் பண்ணிடுவேன்.’ முதல் வாக்கியம் இல்லாமல் இரண்டாவதைச் சொல்லாதீர்கள். சொல்லியும் மாறாமல், சாதி, ஊர், உடம்பு, குடும்பம் என்று பேச்சு போகிறது என்றால் அதற்குப் பெயர் ஃபீட்பேக் அல்ல. தேதியோடு எழுதிவைத்து, ஹெச்.ஆரிடம் எழுத்தில் கொடுங்கள். வேறு குழுவும் பாருங்கள்.

சொன்னது தப்பு என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தால்?

நன்றி சொல்லி வாங்கிக்கொள்வது ஒன்று, அப்படியே செய்வது இன்னொன்று. ஏற்காமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. அன்றைக்கே மறுக்காமல், மறுநாள் காரணத்தோடு போங்கள். ஆனால் மூன்று பேர் தனித்தனியாக ஒன்றையே சொன்னால், அவர்கள் சொல்லும் தீர்வு தப்பாக இருக்கலாம், அந்த இடத்தில் ஏதோ இடறுகிறது என்பது உண்மை.

‘நீங்க கொஞ்சம் அக்ரசிவ்’ என்று சொல்லிவிட்டார்கள். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இதைக் கேட்டு வருபவர்களில் பெண்களே அதிகம். அது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன். கீரன் ஸ்னைடர் என்பவர் 2014-ல் தொழில்நுட்பத் துறையினரின் 248 அப்ரைசல் எழுத்துகளைத் திரட்டிப் படித்தார். குணத்தைக் குறைசொல்லும் வார்த்தைகள் பெண்களுக்கு எழுதியவற்றில் நிறைந்திருந்தன, ஆண்களுக்கு எழுதியவற்றில் ஏறக்குறைய இல்லை. மீட்டிங்கில் ஆண் மறுத்தால் ‘தெளிவா பேசறார்’, பெண் மறுத்தால் ‘எடுத்தெறிஞ்சு பேசறாங்க’ என்பதை நானே பல அறைகளில் கேட்டிருக்கிறேன்.

ஆகவே உதாரணம் கேளுங்கள். எந்த மீட்டிங், எந்த வாக்கியம், அதனால் யாருடைய வேலை கெட்டது? பதில் வந்தால் யோசியுங்கள். ‘பொதுவா சொன்னேன்’ என்றால் அதற்காக உங்கள் குரலைக் குறைத்துக்கொள்ளாதீர்கள். ‘ப்ரொஃபஷனலா இல்ல’, ‘ஓனர்ஷிப் பத்தல’, ‘இங்கிலீஷ் இம்ப்ரூவ் பண்ணுங்க’ எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம்தான். இங்கிலீஷ் என்றால் எழுதுவதா, பேசுவதா, கேட்டுப் புரிந்துகொள்வதா? சிறு ஊர்த் தமிழ்வழிப் பள்ளியில் படித்துவிட்டு வந்த ஒரு பையனை அந்த ஒரு வரி இரண்டு வருடம் மீட்டிங்கில் வாயே திறக்காமல் ஆக்கியதைப் பார்த்திருக்கிறேன். அவன் வேகமாகப் பேசுகிறான், க்ளையன்டுக்குப் புரியவில்லை, அவ்வளவுதான் விஷயம் என்று பிறகு தெரிந்தது. நிறுத்தி நிதானமாகப் பேச அவனுக்கு மூன்று வாரம் போதுமாக இருந்தது.

வருட அப்ரைசலில் ரேட்டிங் மட்டுமே மனதில் நிற்கிறது. எழுதியிருந்தது எதுவும் ஏறவில்லை.

எல்லாருக்கும் அப்படித்தான். ரூத் பட்லர் இஸ்ரேல் பள்ளி மாணவர்களிடம் நடத்தி 1988-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. சிலருக்கு மதிப்பெண் மட்டும் தந்தார், சிலருக்குக் கருத்து மட்டும், சிலருக்கு இரண்டும். கருத்து மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள். மதிப்பெண்ணும் சேர்த்துத் தந்ததும் கருத்தின் பலன் போய்விட்டது. எண் கண்ணில் பட்டால் மற்றது மறைந்துவிடும்.

நிறுவனங்களுக்கும் இது மெல்லப் புரிந்தது. அடோபி 2012-ல் வருடாந்தர அப்ரைசலை விட்டுவிட்டு அவ்வப்போது பேசும் முறைக்கு மாறியது. மைக்ரோசாஃப்ட் 2013 நவம்பரில் ஊழியர்களை வரிசைப்படுத்தும் முறையைக் கைவிட்டது. உங்கள் நிறுவனம் மாறும் என்று காத்திருக்க வேண்டாம். ரேட்டிங் வந்த நாளில் கோபமோ வருத்தமோ பட்டுக்கொள்ளுங்கள், சம்பளம் பற்றிப் பேசவேண்டியதைத் தனியாகப் பேசுங்கள். இரண்டு வாரம் கழித்து இன்னொரு சந்திப்புக் கேட்டு, ‘இன்னைக்கு ரேட்டிங் பத்தி வேண்டாம், அடுத்த 3 மாசத்துல நான் ஒண்ணே ஒண்ணை மாத்திக்கணும்னா எது?’ என்று கேளுங்கள். ஒன்று என்பதில் உறுதியாக இருங்கள், ஐந்து சொன்னால் ஐந்தும் நடக்காது.

சாட்டில் ஒற்றை வரியில் வரும் கமெண்டுகள் முகத்தில் அறைவதுபோல இருக்கின்றன.

எழுத்தில் குரல் இல்லை. ‘ஏன் இப்படி?’ என்பது அதட்டலாகவும் இருக்கலாம், வெறும் சந்தேகமாகவும் இருக்கலாம். இரண்டு முறைக்கு மேல் பதிலுக்குப் பதில் போனால் போன் பண்ணிவிடுங்கள்.

நேற்று வந்த ஃப்ரெஷர் என் தப்பைச் சுட்டிக்காட்டுகிறார். வாங்கிக்கொள்வதா?

கண்டிப்பாக. 1978 டிசம்பர் 28 அன்று யுனைடெட் 173 என்ற விமானம் அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகருக்கு மேலே ஏறக்குறைய ஒரு மணி நேரம் வட்டமடித்தது. தரையிறங்கும் சக்கரத்தில் கோளாறு என்ற சந்தேகத்தில் கேப்டன் முழுக் கவனத்தையும் அதில் வைத்திருந்தார். எரிபொருள் தீர்ந்துகொண்டே இருந்தது. கூட இருந்தவர்களுக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் அழுத்திச் சொல்லவில்லை, கேப்டன் காதிலும் ஏறவில்லை. எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்து 10 பேர் இறந்தார்கள். அதன்பின் யுனைடெட் நிறுவனம் 1981-ல் விமானிகளுக்கு ஒரு புதுப் பயிற்சியைத் தொடங்கியது: கீழே இருப்பவர் துணிந்து சொல்லவும், மேலே இருப்பவர் காதுகொடுக்கவும். இன்று உலகம் முழுக்க விமானிகள் அதைப் படிக்கிறார்கள்.

ஃப்ரெஷர் சொன்னதும் உங்கள் முகம் எப்படிப் போகிறது என்பதை அந்த அறையில் இருக்கும் எல்லா ஜூனியர்களும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர் சொன்னது தப்பாகவே இருந்தாலும் ‘நல்ல கேள்வி, வா பாக்கலாம்’ என்று திரையைத் திறந்து காட்டுங்கள். 19-ஆவது வரியை அடுத்த முறை உங்களுக்குச் சொல்லப்போவது அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

எனக்கு அனுபவம் வந்துவிட்டது. இப்போது யாரும் எதுவும் சொல்வதில்லை. பரவாயில்லையா?

எனக்கு அதுதான் பயமாக இருக்கும். பாஸ்டனில் அதுல் கவாண்டே என்ற அறுவை மருத்துவர் இருக்கிறார். 8 வருடம் அறுவை செய்து தேர்ந்தபிறகு, தன் திறமை மேலே போவது நின்றுவிட்டது என்று அவருக்குப் பட்டது. ஓய்வு பெற்ற தன் ஆசிரியர் ராபர்ட் ஆஸ்டீனை அழைத்து, அறுவை அரங்கில் நின்று தன்னைப் பார்க்கச் சொன்னார். 2011-ல் இதை அவரே விரிவாக எழுதினார். முதல் அறுவை நன்றாகவே முடிந்தது, சொல்ல என்ன இருக்கப்போகிறது என்று கவாண்டே நினைத்தார். ஆசிரியர் சிறு தாளில் நெருக்கமாகக் குறிப்பெடுத்து வைத்திருந்தார். விளக்கு காயத்தை விட்டு விலகி அரை மணி நேரமாக வேறெங்கோ வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தது. துணியை விரித்த விதம் கவாண்டேவுக்கு வசதி, எதிரே நின்ற உதவியாளருக்கு இடைஞ்சல். முழங்கை அவ்வப்போது தோள் உயரத்துக்குப் போகிறது, கை அந்தரத்தில் இருந்தால் துல்லியம் வராது.

இதைப் படித்தபின் வருடத்துக்கு இரண்டு முறை, என்னுடைய டெமோவையோ நேர்முகத் தேர்வையோ மூலையில் உட்கார்ந்து பார்க்கும்படி ஒருவரைக் கேட்டுக்கொள்கிறேன். போன மாதம் வந்தவர் எங்கள் குழுவில் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆன பெண். நேர்முகத் தேர்வு முடிந்ததும் நோட்டைப் பார்த்துத் தயங்கித் தயங்கிச் சொன்னார், கேள்வி கேட்டுவிட்டு வந்தவர் யோசிக்க நான் நேரமே தருவதில்லையாம், நாலு விநாடியில் நானே குறிப்புக் கொடுக்க ஆரம்பித்துவிடுகிறேனாம். எண்ணி வைத்திருந்தார், 11 முறை. காது சூடானது. நோட்டை எடுத்து எழுதிக்கொண்டேன். வியாழக்கிழமை அடுத்த நேர்முகத் தேர்வு, அவரையே மறுபடி உட்காரச் சொல்லியிருக்கிறேன்.